துண்டு போட்டுப் பிடித்த நாற்காலி

ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. பயம் ஒன்றும் இல்லை. அந்தப் பெயரை என் கையால் எழுத இன்னும் மனம் வரவில்லை, அவ்வளவுதான். தூத்துக்குடியிலிருந்து தெற்கே கடலை ஒட்டிப் போகும் சாலையில், உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோலுக்குப் பதிலாகக் கரிப் புகையில் ஓடிய பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போனால் வரும் ஊர். கடற்கரையில் மீன் பிடிக்கிறவர்களும் சங்கு குளிக்கிறவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு மேற்கே எங்கள் பஜார். பஜாருக்கு மேற்கே பனங்காடு. அந்தச் சின்ன ஊருக்கும் ஒரு நகரசபை இருந்தது. நான் அதற்குப் பதினோரு மாதம் சேர்மனாக இருந்தேன்.

எங்கள் பக்கத்தில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் அப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. இப்போது இதைச் சொன்னால் கேட்கிறவர்களின் முகம் மலர்கிறது. பள்ளிக்கூட விழாவுக்குக் கூப்பிட்டு மாலை போடுகிறார்கள். நான் அங்கே எப்படிப் போய் உட்கார்ந்தேன் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அப்படித்தான் என்னைப் போட்டார்கள். இடம் பிடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வதாக ஏற்பாடு.

போட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் எண்ணெய் மில் வைத்திருந்தவர். என் கணவருக்குச் சிநேகிதர், எனக்கு அண்ணன் முறை. கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துகிற மனிதர். இன்னொருவர் கருப்பட்டி மண்டி வைத்திருந்தவர். சண்டைக் காலத்தில் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ரேஷன் வந்தபோது ஊரின் டிப்போ லைசென்ஸும் அவர் கைக்கு வந்தது. இவருக்குக் கோபம் வந்தால் தெரு முனை வரை கேட்கும். கோயில் கொடை விழாவில் முதல் வெற்றிலை யாருக்கு என்ற தகராறில் இரண்டு பேரும் பத்து வருஷமாகப் பேச்சில்லை. ஒருவர் வருகிற தெருவில் மற்றவர் திரும்பிவிடுவார்.

நகரசபையில் பதினாறு மெம்பர்கள். பெண்களுக்கென்று ஒதுக்கியிருந்த ஓர் இடத்தில் என்னை நியமித்திருந்தார்கள். ஊரில் வேறு எவரும் தங்கள் வீட்டுப் பெண்ணை அனுப்ப மாட்டேன் என்றுவிட்டார்கள். என் கணவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் வைத்துவிட்டுப் போன சின்ன அச்சகத்தை நானே நடத்திக்கொண்டிருந்தேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். கல்யாணப் பத்திரிகை, கொடை நோட்டீஸ், மரண அறிவிப்பு எல்லாம் ஊருக்கு என்னிடம்தான் அடிக்க வேண்டும். அதனால் நான் ஏற்கெனவே 'வெளியே வந்துவிட்டவள்'. இன்னும் கொஞ்சம் வந்தால் என்ன என்று நினைத்திருப்பார்கள்.

சேர்மன் தேர்தல் இரண்டு தடவை நடக்காமல் கலைந்தது. மில்காரர் பக்கம் எட்டு ஓட்டு, மண்டிக்காரர் பக்கம் எட்டு ஓட்டு. மூன்றாவது கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில் மில் அண்ணாச்சி அச்சகத்துக்கு வந்து காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, ஒரு மூணு மாசம். நாக்காலில இருந்தாப் போதும். மத்தத நாங்க பாத்துக்கிடுவோம்."

"மண்டி அண்ணாச்சி சம்மதிப்பாவளா?"

"அவரும் ஒத்துக்கிட்டாராம். ஆள் விட்டுக் கேட்டாச்சு. ரெண்டு பேருக்கும் வேண்டாத ஆளு இல்ல நீ."

"எனக்கு என்ன தெரியும் அண்ணாச்சி?"

"ஒண்ணும் தெரியாதுன்னுதான் உன்னக் கேக்குதோம்."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. ஒரு தகுதியைச் சொல்வதுபோல்தான் சொன்னார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். சொந்தக் காரணங்களால் சேர்மன் பதவியை ராஜினாமா செய்கிறேன் என்று அதில் எழுதியிருந்தது. தேதி இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது.

நான் கையெழுத்துப் போட்டேன். இதை எழுதும்போது இன்றைக்கும் காது சுடுகிறது. யாரும் என் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லை. ஒரு பெரிய மனிதர் என் வாசலுக்கு வந்து தங்கச்சி என்று கூப்பிட்டார். எனக்கு அது பெருமையாக இருந்தது. போட்டேன்.

முதல் மூன்று மாதம் அந்த அறையில் எனக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் வித்தியாசம் இல்லை. மெம்பர்கள் என் தலைக்கு மேலாகப் பேசிக்கொள்வார்கள். கடைசியில் ஆபீஸ் மேனேஜர் ஒரு தாளை நகர்த்துவார். "தீர்மானம் நிறைவேறியது" என்று நான் படிக்க வேண்டும். கூட்டத்துக்கு நடுவில் சேவகர் காபி கொண்டுவருவார். பதினைந்து டம்ளர் வரும். பொதுவிடத்தில் ஆண்களுக்கு நடுவே ஒரு பெண்பிள்ளை, அதிலும் புருஷனை இழந்தவள், காபி குடிப்பது எப்படி என்று அவர்களே முடிவு செய்திருந்தார்கள். மூன்றாவது கூட்டத்தில், "எனக்கு?" என்று கேட்டேன். சேவகர் மில் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தார். அவர் தன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மேல் துண்டால் வாயைத் துடைத்தார். அடுத்த கூட்டத்திலிருந்து யாருக்கும் காபி வரவில்லை. எனக்குக் கொடுப்பதைவிடத் தாங்களும் குடிக்காமல் இருப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கடற்கரைத் தெருவில் காலரா வந்தது.

சுகாதார இன்ஸ்பெக்டர் அறிக்கை கொண்டுவந்தார். ஒரே வாரத்தில் ஒன்பது சாவு. மேனேஜர் அதைக் கோப்பில் வைக்கப் போனார். நான் தெருவைப் பார்க்க வேண்டும் என்றேன். "சேர்மன்மார் யாரும் அங்கன போறதில்லம்மா" என்றார். அடுத்த நாள் ஊசி போடுகிறவரோடு நான் போனேன்.

அந்தத் தெருவில் நடந்ததை நான் விவரித்து எழுத மாட்டேன். ஒரு வீட்டு வாசலில் வலைமேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மீன் விற்கிறவள், பஜாரில் பார்த்த முகம். முந்தின நாள்தான் அவள் புருஷனை மாதா கோயில் கல்லறையில் அடக்கம் செய்திருந்தார்கள். குடிக்கிற தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். அவள் எழுந்து நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். கடற்கரை மணலில் ஓர் ஆள் ஆழத்துக்கு ஒரு குழி. அடியில் கலங்கலாக ஊறிய தண்ணீர். அதற்குப் பத்தடி மேட்டில் ஊர் முழுவதும் ஒதுங்குகிற இடம். மழை பெய்தால் அங்கிருந்து எது எங்கே வரும் என்று சொல்ல இன்ஸ்பெக்டர் வேண்டியதில்லை.

அவள் குழிக்குள் இறங்கி ஒரு தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு என்னிடம் நீட்டினாள்.

"நாங்க குடிக்கது இதத்தாம். சேர்மன் அம்மா ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

நான் வாங்கவில்லை. அவள் அதை மணலில் கொட்டினாள்.

"பின்ன எதுக்கு வந்திய?" என்றாள்.

ஊரில் நல்ல தண்ணீர் இல்லாமல் இல்லை. எங்கள் பஜார் தெருவின் நடுவில் நகரசபைக் கிணறு ஒன்று இருந்தது. ஊரில் மற்ற கிணறுகளெல்லாம் உப்பு. அது மட்டும் இளநீர் மாதிரி இருக்கும். எல்லாருடைய வரியிலும் வெட்டிய கிணறுதான். ஆனால் கயிற்றைத் தொட பஜார் தெருக்காரர்களுக்கு மட்டுமே உரிமை. கடற்கரைப் பெண்களும், ஊரைக் கூட்டிப் பெருக்குகிறவர்களின் சந்திலிருந்து வருகிற பெண்களும் தூரத்தில் பானையை வைத்துக்கொண்டு நிற்பார்கள். எங்கள் பெண்கள் இறைத்து முடித்து, மனமிருந்தால், மேலிருந்து ஊற்றுவார்கள். நான் மட்டும் என்ன? நானும் மேலிருந்துதான் ஊற்றினேன். பானை விளிம்பில் என் வாளி பட்டுவிடாமல் பார்த்துப் பார்த்து ஊற்றியிருக்கிறேன்.

சட்டப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். பொதுக் கிணற்றில் யாரையும் தடுக்கக் கூடாது என்று சட்டம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ஊரில் யாரும் அதைப் படிக்கவில்லை, அல்லது படித்தவர் வாயைத் திறக்கவில்லை. தொற்றுநோய்க் காலத்தில் சேர்மன் சபையைக் கேட்காமலே உத்தரவு போடலாம் என்றும் அதில் இருந்தது. மேனேஜரைக் கூப்பிட்டு எழுதச் சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

"அம்மா, ஒங்களுக்கு ஊரு தெரியல."

"நான் பொறந்த ஊரு இது. எனக்குத் தெரியாதா?"

"பொறந்தா தெரிஞ்சிருமா?" என்றார். அவர் சொன்னது சரியென்று பிறகு தெரிந்தது.

உத்தரவை நானே எழுதினேன். என் அச்சகத்திலேயே பெரிய எழுத்தில் அடித்தேன். 'இந்தக் கிணறு நகரசபைக்குச் சொந்தம். ஊரில் உள்ள யாரும் இங்கே தண்ணீர் இறைக்கலாம்.' அதைப் பலகையில் ஒட்டிக் கிணற்றடியில் நாட்டச் சொன்னேன். நாட்ட ஆள் வரவில்லை. கடற்கரைத் தெருவின் மெம்பரான வயசாளித் தோணிக்காரர் இரண்டு பேரை அழைத்து வந்து நாட்டிவிட்டுப் போனார். அன்றைக்கே கலெக்டருக்கு இரண்டு கடிதம் போட்டேன். ஒன்று இந்த உத்தரவின் நகல். மற்றது, தேதியில்லாமல் என்னிடம் வாங்கிய ராஜினாமாக் கடிதம் ஒன்று இருக்கிறது, அது இப்போது என் விருப்பம் இல்லை, செல்லாது என்று அறிவிப்பது.

மறுநாள் மில் அண்ணாச்சி வந்தார். உட்காரவில்லை. குரல் தரையோடு இருந்தது.

"பலகையை எடுத்துரு தங்கச்சி."

"எடுக்க மாட்டேன் அண்ணாச்சி."

"ஒங் கடுதாசி எம் பையில இருக்கு."

"தேதி போட்டுக்கிடுங்க. நான் நேத்தே கலெக்டருக்கு எழுதிட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். ஒரு மேசை எழுந்து பேசினால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி.

"ஒம் புருசன் இருந்தா இப்படி நடக்குமா?"

"அவிய இருந்தா நீங்க என்னைக் கூப்பிட்டிருக்கவே மாட்டிய."

அதோடு அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவதை நிறுத்தினார். அதற்குப் பிறகு 'அந்தப் பொம்பள'தான்.

ஊர் என்னை விலக்கி வைத்தது. கூட்டம் போட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. துணி வெளுக்கிறவர் வருவதை நிறுத்தினார். பலசரக்குக் கடையில் நான் போனால் புளி இல்லை, மிளகாய் இல்லை. பின்னால் வருகிறவருக்கு இருக்கும். ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாணப் பத்திரிகைகூட அடிக்க வரவில்லை. எல்லாரும் கரி பஸ் ஏறித் தூத்துக்குடிக்குப் போனார்கள். பதினெட்டு வருஷம் எங்கள் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர் ஒரு நாள் காலையில் வந்து, "எனக்கும் புள்ளகுட்டி இருக்கு மதினி" என்று அழுதுவிட்டுப் போனார். அவருக்காக இரக்கப்பட வேண்டும் என்று சொல்வார்கள். நான் படவில்லை. அடுத்த நாளே அவர் மில்லில் கணக்குப்பிள்ளையாக உட்கார்ந்துவிட்டார்.

பிறகு மொட்டை நோட்டீஸ் வந்தது. எனக்கும் அந்தத் தோணிக்கார மெம்பருக்கும் தொடர்பு என்றும், ஒழுக்கம் கெட்டவள் ஊரை ஆளலாமா என்றும் அதில் இருந்தது. அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது, இடுப்பை நிமிர்த்த முடியாது. இன்னொன்றும் கவனித்தேன். ஒழுக்கம் கெட்டவள் என்று எழுத வந்தவர்கள் 'ஒளுக்கம்' என்று அடித்திருந்தார்கள். சிவப்பு மையால் 'ள'வை அடித்து 'ழ' போட்டு, அச்சகக் கதவில் அதை ஒட்டி வைத்தேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுததையும் சொல்லிவிடுகிறேன். யாருக்கும் கேட்காதபடி பார்த்துக்கொண்டேன்.

கிணற்றில் கடற்கரைப் பெண்கள் இறைக்கத் தொடங்கினார்கள். முதல் நாள் நான் போய்க் கூட நின்றேன். மீன் விற்கிறவள்தான் முதலில் கயிற்றைப் பிடித்தாள். பெருக்குகிறவர்களின் சந்திலிருந்து வந்த பெண்கள் அன்று தூரத்திலேயே நின்றார்கள். மூன்றாம் நாள் அவர்களும் வந்தார்கள். பஜார் பெண்கள் கிணற்றுக்கு வருவதை நிறுத்தினார்கள். மாட்டு வண்டியில் பீப்பாய் கட்டி, மூன்று மைல் தள்ளி ஒரு தோட்டத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள். கடற்கரைத் தெருவில் புதிதாகக் காலரா வரவில்லை. ஊசியாலா, தண்ணீராலா என்று இன்ஸ்பெக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. எனக்குச் சந்தேகம் இல்லை.

பத்தாவது நாள் விடிந்தபோது பஜார் முழுவதும் மண்ணெண்ணெய் நாற்றம். கிணற்றை எட்டிப் பார்த்தால் தண்ணீரின்மேல் மயில் கழுத்து நிறத்தில் எண்ணெய் படர்ந்து கிடக்கிறது.

கடைக்காரர்கள் தங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. அந்த முகங்களை நான் மறக்கவில்லை. பிள்ளைகளுக்கு வாயில் ஊற்றுகிற தண்ணீர் அது. அவர்கள் தகப்பன்மாரும் தாத்தன்மாரும் குடித்த தண்ணீர். இன்னொருத்தியின் கை அந்தக் கயிற்றில் படக் கூடாது என்பதற்காக அதைக் கெடுத்துவிட்டு நிம்மதியாகப் பல் விளக்கிக்கொண்டு நின்றார்கள்.

கிணற்றை இறைத்துத்தான் ஆக வேண்டும். கமலை கட்ட மாடு தர பஜாரில் ஒருவரும் இல்லை. தோணிக்காரர்தான் மறுபடியும் வந்தார். பனங்காட்டிலிருந்து இரண்டு ஜோடி மாடு பிடித்து வரச் செய்தார். இரண்டு நாள் இறைத்தும் அடியில் ஒன்றரை ஆள் தண்ணீர் வற்றவில்லை. ஊற்று அவ்வளவு பலம். அடிச் சேற்றை எடுக்காமல் நாற்றம் போகாது என்றார் இன்ஸ்பெக்டர். அப்போது தோணிக்காரர், "சங்கு குளிக்க பயக்க சும்மாத்தான் கெடக்கானுவ. கூப்புடட்டுமா?" என்றார்.

ஆறு பேர் வந்தார்கள். கடலில் எட்டு ஆள் ஆழத்தில் மூச்சடக்கிச் சங்கு எடுக்கிறவர்களுக்கு இந்தக் கிணறு எம்மாத்திரம். இடுப்பில் கயிற்றைக் கட்டி, காலில் கல்லைப் பிடித்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். கூடை கூடையாகக் கறுப்புச் சேறு மேலே வந்தது. ஐம்பது வருஷத்துப் பொருளெல்லாம் வந்தது. உடைந்த குடங்கள், வாளிகள், ஒரு பித்தளைச் செம்பு, ஒற்றைக் கொலுசு. கடைசியில் ஒரு மண்ணெண்ணெய்த் தகரம் வந்தது. அதில் பெயர் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இன்ஸ்பெக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். பஜாரின் கிணற்றுக்குள் கடற்கரை ஆட்கள் தலைவரை முங்கி எழுவதைக் கடைத் தெருவே நின்று பார்த்தது. ஒருவர் காறித் துப்பினார். சங்கு குளிக்கிறவர்களில் ஒருவன் தலையை வெளியே நீட்டி, "அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளித் துப்புங்க. கெணத்துக்குள்ள விழுந்துரும்" என்றான். இரண்டு பக்கத்திலும் சிலர் சிரித்துவிட்டார்கள்.

பிளீச்சிங் பவுடர் போட்டு மூன்று நாள் கழித்து மறுபடி ஊறிய தண்ணீர் முன்னைவிட ருசியாக இருந்தது. அதுதான் பஜார்க்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு வாரம் பீப்பாய்த் தண்ணீரில் சமைத்துப் பார்த்தார்கள். பருப்பு வேகவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் நான் அச்சகத்தைத் திறக்கும்போது கிணற்றடியில் மில் அண்ணாச்சியின் மனைவி தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நிற்கிறார். எதிரில் மீன்காரி கயிற்றைப் பிடித்திருக்கிறாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுளா. நான் எறைச்சிட்டுப் போறேன்."

"நான்தானே மொதல்ல வந்தேன்? குசினில சோறு பொங்குற வேல கெடக்கு எனக்கும்."

"யாருகிட்டப் பேசுதன்னு தெரியுதா?"

"தெரியுது. நில்லுங்க, ரெண்டு வாளிதான்."

அந்த அம்மாள் நின்றார். மீன்காரி இரண்டு வாளி இறைத்து, கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். கயிறு ஈரமாக இருந்ததா, வேறு எதனாலா தெரியவில்லை, அவர் அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் வாளியை இறக்கினார்.

அடுத்த சபைக் கூட்டத்தில் நான் ஒரு கேள்வி கேட்டேன். தாளில் எழுதிவைத்துக் கேட்ட கேள்வி.

"வீட்டுக்கு வாரம் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்தான் ரேஷன். ஊரே இருட்டில கெடக்கு. கெணத்துல ஊத்த ஒரு தகரம் எண்ணெய் எந்த வீட்டுல மிஞ்சியிருக்கும்?"

மண்டி அண்ணாச்சி எழுந்தார். டிப்போ லைசென்ஸ் அவருடையது என்பது எல்லாருக்கும் தெரியும்.

"யாரச் சொல்லுத நீ?"

"நான் யாரையும் சொல்லல. கேள்விதான் கேட்டேன். பதிலு ஒங்களுக்குத் தெரிஞ்சா நீங்க சொல்லுங்க."

அவர் மேசையில் ஓங்கி அடித்தார். மைக்கூடு கவிழ்ந்தது. பெண் என்றும் பார்க்க மாட்டேன் என்று கத்திக்கொண்டு என் நாற்காலியை நோக்கி இரண்டு அடி வந்தார். நான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். எழவில்லை. அப்போது மில் அண்ணாச்சி குறுக்கே வந்து அவர் கையைப் பிடித்தார்.

"உக்காரும்வே. இத இப்படிப் பேசப்படாது. முறையாப் பாத்துக்கிடுவோம்."

பத்து வருஷத்தில் அவர்களுக்குள் நடந்த முதல் பேச்சு அது. மண்டி அண்ணாச்சி அவரைப் பார்த்தார். பிறகு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். ஊர்ப் பெரியவர்கள் பஞ்சாயத்துப் பேசியும் சேராத இரண்டு பேரை ஒரே பெஞ்சில் உட்கார வைத்த பெருமை எனக்கு உண்டு.

இருவரும் சேர்ந்து நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். மில்காரர் பிரேரித்தார், மண்டிக்காரர் ஆமோதித்தார். நான் சபையை மதிக்கவில்லை, தன்னிச்சையாக நடந்தேன், ஊரின் ஒற்றுமையைக் குலைத்தேன் என்று மூன்று குற்றம். கிணறு என்ற சொல் தீர்மானத்தில் ஓரிடத்திலும் இல்லை. எனக்குப் பேச நேரம் கொடுத்தார்கள். எழுதி வைத்திருந்ததை எடுத்தேன். இரண்டு வரி படித்ததும் பின்னாலிருந்து ஒருவர் கொட்டாவி விட்டார். நான் தாளை மடித்தேன்.

"ஓட்டுப் போடுங்க" என்றேன்.

பதின்மூன்று பேர் கை தூக்கினார்கள். எதிர்த்தவர்கள் தோணிக்காரர், சங்கு வியாபாரம் செய்த பாய் ஒருவர், நான். கை தூக்கியவர்களில் நான்கு பேரின் கல்யாணப் பத்திரிகையை என் கணவர் அடித்திருந்தார்.

மில் அண்ணாச்சி சேர்மன் ஆனார். மண்டி அண்ணாச்சி உபசேர்மன். முதல் வேலையாகப் பலகையைப் பிடுங்கி எடுத்தார்கள். கிணற்றை மட்டும் மூட முடியவில்லை. கலெக்டர் ஆபீசிலிருந்து என் உத்தரவை உறுதிப்படுத்திக் காகிதம் வந்திருந்தது. அதைவிட, அவர்கள் வீட்டுப் பெண்களே காலையும் மாலையும் அங்கே வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். சில மாதம் கழித்து ஒரு விழா நடத்தி, கிணற்றைச் சுற்றிச் சிமிண்டு மேடை கட்டினார்கள். எனக்கு அழைப்பு வரவில்லை. அழைப்பிதழைத் தூத்துக்குடியில் அடித்திருந்தார்கள். அதில் எழுத்துப் பிழை இருந்ததா என்று பார்க்க ஒன்று கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

சண்டை முடிந்தது. சுதந்திரம் வந்தது. புளியும் மிளகாயும் எனக்கு மறுபடி கிடைக்கத் தொடங்கின. கல்யாணப் பத்திரிகை அடிக்கவும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். ஒன்றும் நடக்காத மாதிரி, "மதினி, நல்ல மஞ்சக் காயிதமாப் போடுங்க" என்றார்கள். போட்டுக் கொடுத்தேன். வயிறு இருக்கிறதே.

சுதந்திரத்துக்குப் பிறகு முதல் நகரசபைத் தேர்தல் வந்தபோது, நியமனத்துக்குக் காத்திருக்காமல் நானே நின்றேன். கடற்கரைத் தெரு வார்டில் நின்றேன். பஜாரில் எனக்கு ஓட்டு விழாது, கடற்கரையில் விழும் என்பது என் கணக்கு. தோணிக்காரர் இறந்துவிட்டிருந்தார். அவர் தம்பி மகன் எதிர்த்து நின்றார். இவர் அதுவரை நகரசபைக்குள் கால் வைத்தவர்கூட இல்லை. ஓட்டுச் சீட்டைப் போட ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி வைத்த காலம்; எனக்குப் பச்சைப் பெட்டி, அவருக்கு நீலம். வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். கறுப்புக் காபி கொடுத்தார்கள். கிணற்றைப் பற்றி அவர்களே பேசினார்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

நீலப் பெட்டியில் இருநூற்றுச் சொச்சம். பச்சைப் பெட்டியில் முப்பத்தொன்று.

நன்றியை எதிர்பார்த்துச் செய்யக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் எதிர்பார்த்தேன். அந்தத் தெருவுக்காக ஒளுக்கம் கெட்டவளானேன், அந்தத் தெரு எனக்குக் கடன்பட்டிருக்கிறது என்று நினைத்தேன். முடிவு தெரிந்த மறுநாள் மீன்காரி கூடையோடு என் வாசலுக்கு வந்தாள். வீட்டு வரி அவள் பெயரில் இருந்ததால் அவளுக்கும் ஓட்டு உண்டு. நான் சுற்றி வளைக்கவில்லை.

"நீ யாருக்குப் போட்ட?"

"நீலத்துக்குத்தாம்." கூடையை இறக்கினாள்.

"எனக்கு ஏன் போடல?"

"எங்க ஆளு நிக்கும்போது ஒங்களுக்கு ஏன் போடணும்?"

"அந்தக் கெணத்த யாரு தெறந்தது?"

"நீங்கதாம். இல்லன்னு சொன்னேனா?" அவள் குரல் உயரவில்லை. "அது எங்க வரியிலயும் வெட்டுன கெணறுதானக்கா. நீங்கதானே அன்னைக்குப் பலகையில எழுதி வச்சிய. எங்களுக்குள்ளத எங்களுக்குத் தந்ததுக்கு, காலம் பூரா ஓட்டுப் போட்டுக்கிட்டே இருக்கணுமா? எங்க தெருவுல ஒருத்தன் அங்க போய் ஒக்காரட்டுமே."

அவள் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மண்டிக்காரர் மேசையை அடித்தபோதுகூட அத்தனை எரியவில்லை.

"மீனு வேணுமா, வேண்டாமா?" என்றாள்.

"வேண்டாம்."

"நல்ல விளமீனு."

"வேண்டாம்னு சொல்லுதேன்."

அவள் சும்மாட்டைச் சரிசெய்து, கூடையைத் தானே தலையில் ஏற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். நான் கதவைச் சாத்தினேன். ஒரு வாரம் அவளிடம் மீன் வாங்கவில்லை. எட்டாம் நாள் வாங்கினேன். அவள் எப்போதும்போல் விலையைக் கூட்டிச் சொன்னாள், நான் எப்போதும்போல் பேரம் பேசினேன்.